செவியிரைச்சலும் மருந்துத் தேட்டமும்

கல்விக்கு ஓரதிகாரம் வகுத்த திருவள்ளுவர் அதனோடமையாது கேள்விக்கும் ஓரதிகாரம் வகுத்தார். ஏடுகள் அரியனவாயிருந்த காலத்திற் செவியே அறிவு புகும் பெருவாயிலாக விளங்கியது. புறத்தே எழும் ஒலியை அகத்தே கொண்டு சேர்ப்பது அதன் தொழில். புறத்தே யாதோர் ஒலியும் எழாதிருக்க, அகத்தே ஓர் ஒலி இரவும் பகலும் ஓயாது கேட்குமாயின், அவ்வாயில் திறந்திருந்தும் பயன் குன்றியதாகின்றது.

இந்நிலையை யாழ்ப்பாணத்தார் காதிரைச்சல் என்பர். சிலருக்கு அது சில்வண்டின் ஓசை போன்றது; சிலருக்குச் சங்கின் முழக்கம் போன்றது; வேறு சிலருக்கு உலையிற் கொதிக்கும் நீரின் ஓசை போன்றது. பக்கத்தில் இருப்பவருக்கோ அது கேட்பதில்லை. காய்ச்சலைத் தொட்டு அறியலாம். புண்ணைக் கண்டு அறியலாம். இந்நோயைப் பெரும்பாலும் நோயாளரின் சொல்லைக் கொண்டே அறிதல் வேண்டும். 2022 ஆம் ஆண்டில் வெளியான உலகளாவிய கணிப்பொன்று, வளர்ந்தோருள் நூற்றுக்கு 14 பேர் அளவில், அஃதாவது 74 கோடி மக்கள், இவ்வொலியை அறிந்தவர் என்றும், அவருள் 12 கோடிக்கு மேற்பட்டோர் அதனாற் கடுமையாக வருந்துவோர் என்றும் கூறுகின்றது. இத்துணைப் பேரை வருத்தும் நோயாயிருந்தும், இவ்வொலியை அறவே நிறுத்தும் மருந்து இதுகாறும் கண்டுபிடிக்கப்படவில்லை. அதனைத் தேடிய வரலாறு வெற்றி வரலாறன்று. ஆயினும் அது வீண்போன வரலாறுமன்று. மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றபோது அத்தோல்விகளே ஒலியின் பிறப்பிடத்தைக் காட்டின. பிறப்பிடம் தெரிந்தபோது ஒலியோடு வாழும் முறையும் தெரியலாயிற்று. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாரத நாட்டுப் பழைய வைத்திய நூலோர் இந்நோயை நன்கு அறிந்திருந்தனர். சுசுருத சங்கிதை செவிநோய்களை 28 ஆக வகுக்கின்றது. அவற்றுள் இரண்டு ஈண்டுக் கருதத்தக்கவை. ஒன்று கர்ணநாதம், மற்றையது கர்ணக்ஷ்வேடம். வாதம் தன் வழி பிறழ்ந்து ஒலியைச் சுமக்கும் நாளங்களிற் புகுந்து நிற்ப, பேரிகை, மிருதங்கம், சங்கு ஆகியவற்றின் ஓசைபோலப் பல்வேறு ஓசைகள் கேட்பது கர்ணநாதம். வாதத்தோடு பித்தம் முதலியன கூடிக் குழலோசை போன்ற ஓசையைத் தோற்றுவிப்பது கர்ணக்ஷ்வேடம். முழங்கும் ஓசையையும் கூரிய ஓசையையும் இவ்வாறு வேறு பிரித்துக் கண்டமை அந்நூலோரின் நுண்ணிய அவதானத்துக்குச் சான்றாகும். இன்றைய செவி வைத்தியரும் நோயாளரிடம் முதலிற் கேட்கும் வினாக்களுள் ஒன்று, ஓசை எத்தகையது என்பதேயாம்.

சிகிச்சை கூறுமிடத்துச் சுசுருத சங்கிதை மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. செவிக்குத்து, கர்ணநாதம், செவிடு, கர்ணக்ஷ்வேடம் என்னும் நான்குக்கும் பொதுச் சிகிச்சை ஒன்றையே அது விதிக்கின்றது. நெய்ப்புப் பொருள்களை உட்கொள்ளல், ஒற்றடமிடல், இளஞ்சூடான தைலத்தைச் செவியில் நிரப்புதல் என்பன அதன் கூறுகள். இரைச்சலையும் செவிட்டையும் ஒரே தொகுதியில் வைத்தமை பொருள் பொதிந்தது. கேட்டல் குறைதலும் இரைச்சல் தோன்றுதலும் பெரும்பாலும் உடன்செல்வன என்பதை இன்றைய ஆய்வும் ஒப்புக்கொள்கின்றது. தைலம் இரைச்சலை நிறுத்தும் என்பதற்கு முறையான பரீட்சை வழிவந்த சான்று இல்லை. செவிப்பறை துளைபட்டிருப்பின் அது தீங்குஞ் செய்யும். எனினும், செவியிற் கட்டியாகிப்போன குறும்பி இளகி வெளிப்பட்டமையால் இரைச்சல் தணிந்தோரும் பலர் இருந்திருத்தல் வேண்டும். மருந்தின் புகழ் அவ்வாறும் வளர்வதுண்டு.

இம்மரபு யாழ்ப்பாணத்திலும் வேரூன்றியது. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தனவாகக் கருதப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் பரம்பரை வைத்தியர் வீடுகளில் ஏட்டு வடிவிற் பேணப்பட்டு வந்தன. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேற்றினார். கோயிற்பற்றுக்கு ஒருவராக இருந்த பரியாரிமார் நாடி பார்த்து, எண்ணெய் காய்ச்சி, பத்தியமுஞ் சொல்லி நோயாளரைப் பேணினர். ஒலி நின்றதோ இல்லையோ, நோயாளரின் சொல்லை நம்பிக் கேட்பதற்கு ஊரில் ஒருவர் இருந்தார். அதன் பயன் சிறிதன்று என்பது இவ்வரலாற்றின் இறுதியிற் புலப்படும்.

வைத்திய நூலோர் நோயெனக் கண்ட அகவொலியை, யோக நூலோர் வேறொரு கண்கொண்டு நோக்கினர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. திருமூலர் யோகநெறியிற் கேட்கப்படும் பத்து வகை நுண்ணொலிகளைக் கூறுகின்றார். கடல், மேகம், சங்கு, வண்டு, யாழ் ஆகியவற்றின் ஒலிகள் அவற்றுட் சில. அட்டயோக நூல்களும் நாதத்தில் மனத்தை நிறுத்தும் சாதனையைப் பேசுகின்றன. யோகியின் நாதமும் நோயாளியின் இரைச்சலும் ஒன்றெனத் துணிதல் பொருந்தாது. ஆயினும், அகத்தே கேட்கும் ஒலி தன்னியல்பாலேயே துன்பமாவதன்று, அதனை மனம் ஏற்கும் முறையாலேயே துன்பமாகவோ அன்றாகவோ ஆகின்றது என்னுங் கருத்து இந்நாட்டுச் சிந்தனைக்குப் புதிதன்று. மேலை நாட்டு வைத்தியம் இக்கருத்துக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது.

மேலை நாட்டில் இந்நோயின் கொடுமையை உலகறியச் செய்தோர் இசைவாணர்கள் எனலாம். பீத்தோவன் 1801 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வேகலர் என்னும் வைத்திய நண்பருக்கு வரைந்த கடிதத்தில், தம் செவிகள் இரவும் பகலும் இரைந்துகொண்டேயிருக்கின்றன எனத் துயருற்றார். பொகீமிய நாட்டு இசைவாணர் ஸ்மெத்தானா 1874 இற் கேட்கும் ஆற்றலை இழந்தார். 1876 இல் அவர் தம் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு இயற்றிய நால்வர் இசையின் இறுதிப் பகுதியில், உச்சத்தில் நீண்டொலிக்கும் ஒரு தனிச்சுரத்தை அமைத்தார். அது தம் செவியில் ஒலித்த கொடிய ஒலியின் வடிவமென அவரே விளக்கினார். பிறரெவருங் கேட்க இயலாத ஒலியைப் பிறர் கேட்குமாறு செய்த அருஞ்செயல் அது.

அக்காலத்து வைத்தியருள் இந்நோயைத் தெளிவாக ஆராய்ந்தவர் பாரிஸ் நகரத்து இத்தார். 1821 இல் வெளிவந்த செவிநோய் பற்றிய தமது நூலில், இரைச்சலை நீக்குதல் பெரும்பாலும் அரிது என அவர் ஒளியாது கூறினார். கூறியதோடு நில்லாது, நோயாளர் உறங்குதற்கு வழியுஞ் சொன்னார். அக ஒலியை ஒத்த புற ஒலியொன்றை அருகே அமைத்துக் கொள்ளுதலே அவ்வழி. ஈரவிறகு எரியும் ஓசை சிலருக்கு உதவும். நீராலையின் ஓசை சிலருக்கு உதவும். மருந்து கைகொடாதவிடத்து வாழ்முறையால் துணைசெய்யலாம் என்னும் நெறிக்கு இத்தார் முன்னோடியாவார்.

இந்த மேலைநாட்டு வைத்திய அறிவு யாழ்ப்பாணத்துக்குத் தமிழிலேயே வந்து சேர்ந்தமை இக்குடாநாட்டின் தனிச்சிறப்பாகும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவி, 1873 இல் தாய்நாடு திரும்பும்வரை பணிபுரிந்தார். 1864 முதல் வைத்தியக் கல்வியைத் தமிழ்மொழியிலே புகட்டினார். அவரும் அவர்தம் மாணாக்கரும் மொழிபெயர்த்த நூல்களுள், கிறே என்பாரின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' எனும் பெயரில் 1872 இல் வெளியாயிற்று. புறச்செவி, நடுச்செவி, உட்செவி எனும் மூவகை உறுப்பமைப்பைத் தமிழ் மாணாக்கர் தம் தாய்மொழியிற் கற்க அது வழிசெய்தது. செவியின் உள்ளே நத்தையோடு போலச் சுருண்ட உறுப்பொன்று உண்டு என்பதையும், செவிநரம்பு மூளையை நோக்கிச் செல்கின்றது என்பதையும் அறிந்த பின்னர், வாதம், பித்தம் எனப் பொதுப்படக் கூறிய நோயை இன்ன உறுப்பிற் பிறந்தது என வினவும் மனப்பாங்கு இங்கும் தோன்றலாயிற்று.

இனி, இவ்வரலாற்றிற் காணப்படும் வியத்தகு முரண் ஒன்றைக் கூறுதல் பொருத்தமாகும். இரைச்சலை நிறுத்தும் மருந்து கிடைப்பதற்கு முன்னரே, இரைச்சலை உண்டாக்கும் மருந்து உலகுக்குக் கிடைத்துவிட்டது. அதுவே மக்கள் கொயினா என வழங்கிய குவினைன். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820 இற் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இருவர் அதனைப் பிரித்தெடுத்தனர். மலேரியாவை வென்ற இம்மருந்து, மிகுதியாக உட்கொண்டோர் செவியில் இரைச்சலை எழுப்பியது. இலங்கைக்கும் இம்மருந்துக்கும் நெருங்கிய தொடர்புண்டு. சிங்கோனாவைப் பயிரிடுதற்பொருட்டு 1861 இல் ஹக்கலைத் தோட்டம் அமைக்கப்பட்டது. கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் மலைநாட்டுத் தோட்டத்துரைமார் சிங்கோனாவை நாடினர். 1880 களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தற் பட்டை இலங்கையிலிருந்து ஏற்றுமதியாயிற்று. விலை வீழ்ந்தபின் அம்மரங்கள் இருந்த இடத்தைத் தேயிலை கொண்டது.

1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையின் தென்மேற்குப் பாகங்களை மலேரியாக் கொள்ளைநோய் தாக்கி ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. வடக்கே வன்னிப் பெருநிலமும் நெடுங்காலம் அந்நோய்க்கு உறைவிடமாயிருந்தது. வயல் விதைக்கவும் உத்தியோகம் பார்க்கவும் குடாநாட்டிலிருந்து வன்னி சென்றோர் பலர் காய்ச்சலோடு மீண்டனர். கொயினாவின் கசப்பையும் அதன்பின் எழும் காதிரைச்சலையும் அத்தலைமுறையினர் ஒருங்கே அறிந்தனர். 2016 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் மலேரியா அற்ற நாடென இலங்கையை உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனாற் கொயினாவின் இரைச்சல் இங்குப் பழங்கதையாயிற்று. அது புகட்டிய பாடமோ பழையதாகவில்லை. மருந்தொன்று இரைச்சலை எழுப்ப வல்லதாயின், அதன் செயலை ஆராய்ந்து இரைச்சலின் இயல்பை அறியலாமன்றோ? அஸ்பிரினுக்கு இனமான சலிசிலேற்று மருந்துகளும் பேரளவிற் கொள்ளப்படின் இரைச்சலை எழுப்புவன. 1988 இல் யாஸ்ற்றெபொவ் என்னும் ஆய்வாளரும் துணைவரும் எலிகளுக்குச் சலிசிலேற்றுக் கொடுத்து, அவை இல்லாத ஒலியைக் கேட்கின்றன என்பதை அவற்றின் நடத்தை கொண்டு நிறுவினர். வாய்விட்டுச் சொல்லமாட்டாத உயிரிடத்தும் இந்நோயை அளந்தறியும் வழி அதனாற் பிறந்தது.

இரைச்சலை நிறுத்தும் மருந்து பற்றிய முதல் நம்பிக்கை தற்செயலாகத் தோன்றியது. உட்செவியின் சமநிலை உறுப்பை ஆராய்ந்து 1914 ஆம் ஆண்டுக்குரிய நோபெற் பரிசைப் பெற்ற பாரனி, நோவு தெரியாமலிருக்க மூக்கினுள் ஊசிமூலம் செலுத்திய புரோக்கேயின் என்னும் மரப்பு மருந்து, நோயாளரின் செவியிரைச்சலையுந் தணித்தமையைக் கண்டு 1935 இல் வெளியிட்டார். பின்னர் அவ்வினத்ததாகிய லிடோகேயின் நாளத்தின் வழியே செலுத்திப் பரீட்சிக்கப்பட்டது. பரீட்சைக்குட்பட்டோருட் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரைச்சல் குறைந்தது. சிலருக்கு முற்றாக நின்றது. பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக மௌனத்தைக் கேட்டோர் அவர். ஆனால் அம்மௌனம் நிலைக்கவில்லை. நிமிட அளவிலோ மணி அளவிலோ ஒலி மீண்டது. நாள்தோறும் நாளத்தில் ஏற்றுதற்கு அம்மருந்து ஏற்றதன்று. இதயத்தையும் மூளையையும் அது தாக்கும். ஆதலின், வாய்வழி உட்கொள்ளத்தக்க டொக்கேனைட் முதலிய மருந்துகள் ஆராயப்பட்டன. அவை பயன் தந்தமைக்கு உறுதியான சான்று கிட்டவில்லை. டொக்கேனைட் குருதிக்குக் கேடு விளைப்பதென்றும் பின்னர்த் தெரியவந்தது. வலிப்புக்குரிய மருந்துகளும் மனச்சோர்வுக்குரிய மருந்துகளும் இவ்வாறே நாடப்பட்டன. அவையும் இரைச்சலை நீக்கும் மருந்தாக நிலைபெறவில்லை.

லிடோகேயினின் தோல்வி ஓர் உண்மையை விட்டுச் சென்றது. இவ்வொலி நீக்கவியலாத விதியன்று. நரம்புகளின் செயலை மாற்றின் அது நிற்கும். அந்நரம்புகள் எங்குள்ளன என்பது அடுத்த வினா. கட்டி நீக்குதற்பொருட்டுச் செவிநரம்பு அறுக்கப்பட்டவர் பலருக்கு, அச்செவி முற்றாகச் செவிடான பின்னும் இரைச்சல் நீங்கவில்லை. ஒலி செவியிலேயே இருப்பின் இவ்வாறு நிகழாது. இதனாற் பெறப்படுவது, கேடு செவியில் தொடங்கினும் ஒலி மூளையிலே நிலைபெறுகின்றது என்பதாம். உட்செவியிலுள்ள மயிர்க்கலங்கள் அழிந்து செய்தி வரத்துக் குறையும்போது, மூளையின் கேட்டற்பகுதிகள் தம் உணர்வை மிகைப்படுத்தி, வாராத செய்தியை வந்ததாகக் கொள்கின்றன என்பது இன்று பெரும்பாலார் ஏற்கும் விளக்கம். காலிழந்தவர் இல்லாத காலில் நோவு உணர்வதை இதற்கு உவமையாகக் கூறுவர்.

மருந்துத் தேட்டம் வளர, மருந்தைச் சோதிக்கும் முறையும் திருந்தியது. செவியிரைச்சல் தானே ஏறியும் இறங்கியும் வருவது. மருந்துண்ட நாளிற் குறையின் மருந்தாற் குறைந்தது என நோயாளர் மகிழ்வர். ஆகவே, மெய்ம்மருந்தை ஒரு சாராருக்கும் அதனையொத்த வெறுமாத்திரையை மறுசாராருக்கும், எவர்க்கு எது என அறியாவண்ணங் கொடுத்து ஒப்பிடுதல் இன்றியமையாததாயிற்று. பிரித்தானியாவில் 1,121 பேரைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட பரீட்சையொன்றின் முடிபு 2001 இல் வெளியாயிற்று. அதிற் பெரும்புகழ் வாய்ந்த கிங்கோ என்னும் மூலிகைச் சாரம் வெறுமாத்திரையினும் மேம்பட்டதாகக் காணப்படவில்லை. கடைகளில் அதன் விற்பனையோ குன்றவில்லை.

அண்மைக்காலத்து நிகழ்ச்சிகளுள் ஒன்று இத்தேட்டத்தின் ஆபத்தைத் தெளிவாகக் காட்டுகின்றது. றெற்றிகபின் என்பது வலிப்பு நோய்க்காக 2011 இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்ற மருந்து. நரம்புக்கலங்களின் பொற்றாசியக் கால்வாய்களைத் திறந்து அவற்றின் மிகைச்செயலை அடக்குவது அதன் தொழில். 2013 இற் பிற்ஸ்பேக் பல்கலைக்கழக ஆய்வாளர், பேரொலிக்கு உட்படுத்திய சுண்டெலிகளுக்கு அம்மருந்தை விரைவிற் கொடுப்பின் இரைச்சல் உண்டாதல் குறைகின்றது என வெளியிட்டனர். செய்தி பரவியதும், செவியிரைச்சலால் நொந்தோர் சிலர், தம் நோய்க்கென அனுமதி பெறாத அம்மருந்தைத் தேடிப் பெற்று உட்கொண்டனர். அதே 2013 ஆம் ஆண்டில், அம்மருந்தை நெடுநாள் உண்போரின் தோலும் நகமும் நீலம் பாரிப்பதும் கண்ணின் விழித்திரை நிறம் மாறுவதும் அறியப்பட்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 2017 இல் மருந்து சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. செவியின் பொருட்டுக் கண்ணைப் பணயம் வைக்கும் நிலைக்கு மக்கள் சென்றனர் எனின், இந்நோயின் வருத்தம் எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டா. அவரை மதியிலார் என இகழ்தல் முறையன்று. அத்துன்பத்தை அறியாதார் இகழ்தல் எளிது.

முறைப்படி நிகழ்ந்த பரீட்சைகளும் உண்டு. சுவிற்சலாந்து நாட்டு நிறுவனமொன்று எஸ்கெற்றமின் என்னும் மருந்தைக் குழம்பாக்கி, செவிப்பறையினூடே ஊசியாற் செலுத்திப் பெரும்பரீட்சைகள் செய்தது. 2016 இலும் 2018 இலும் வெளியான முடிபுகள் மருந்துக்கும் வெறுமருந்துக்கும் வேறுபாடு காட்டவில்லை. அமெரிக்க நிறுவனமொன்று அதே வழியிற் சோதித்த கெசிக்கிலிடின் என்னும் மருந்தும் 2022 இல் அவ்வாறே தோற்றது. செவிக்கு ஒலியையும் நாவுக்கு மெல்லிய மின்தூண்டலையும் ஒருங்கே அளிக்கும் கருவியொன்று 2023 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது ஒலியின் தொல்லையைக் குறைத்தற்கு உதவுவதன்றி, ஒலியை நீக்கும் மருந்தன்று. பரீட்சைக்கு உட்பட இசைந்த நோயாளர் தாம் பயன் பெறாவிடினும், பயனில்லாத மருந்திலிருந்து பிறரைக் காத்தனர். அவர் பெயர்கள் நூல்களில் இடம்பெறா. அவர் செய்த உபகாரம் பெரிது.

மருந்துகள் இவ்வாறு தோற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே வேறொரு வழி திறந்தது. 1953 இல் ஹெலர், பேர்க்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், செவிநோய் இல்லாத 80 பேரை ஒருவர்பின் ஒருவராக ஒலிபுகா அறையில் இருத்தி, கேட்பதைக் குறிக்குமாறு பணித்தனர். நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஓர் ஒலியைக் கேட்டதாகக் குறித்தனர். ஆகவே, அகவொலி ஏறத்தாழ எல்லோர்க்கும் உண்டு. அதனை மூளை பொருட்படுத்தாது விடுதலே வழமை. 1984 இல் இலண்டன் ஆய்வாளர் சிலர், செவியிரைச்சலாற் பெருந்துன்பம் உறுதல் இப்பழக்கப்படுதல் நிகழாமையால் எனக் கூறினர். முற்கூறிய யாஸ்ற்றெபொவ் 1990 இல் இக்கருத்தை விரித்தார். ஒலியை ஆபத்தென மனங் கொள்ளும். கொண்டபின் உடல் அஞ்சி விழிக்கும். அச்சத்தால் ஒலி மேலும் உற்றுக் கேட்கப்படும். இவ்வட்டத்தை அறுத்தலே அவர் வகுத்த பயிற்சியின் நோக்கம். 2020 இல் 28 ஆய்வுகளையும் 2,733 பேரையும் தழுவித் தொகுக்கப்பட்ட மதிப்பீடொன்று, அறிகை நடத்தைச் சிகிச்சை இரைச்சலால் விளையும் வாழ்க்கைத் தொல்லையைக் குறைக்க வல்லது எனக் காட்டியது. ஒலியின் அளவு மாறாதிருக்கவும் துன்பத்தின் அளவு மாறும் என்பது இதன் சாரம். யோக நூலோர் நோக்கும் பரியாரிமாரின் பரிவும் ஈண்டு நினைவுக்கு வருதல் இயல்பே.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இவ்வறிவு ஏட்டளவிலான செய்தியன்று. 1987 இல் வடமராட்சியில் நிகழ்ந்த படைநடவடிக்கையும், 1990 இல் யாழ்ப்பாணக் கோட்டையைச் சூழ்ந்த போரும், அவ்வாண்டுகளின் விமானக் குண்டுவீச்சும், 1995 இன் பேரிடப்பெயர்வுக்கு முன்னும் பின்னும் விழுந்த எறிகணைகளும் இம்மண்ணின் மக்கள் செவியைத் தாக்கின. அழிந்த மயிர்க்கலங்கள் மனிதரிடத்து மீண்டும் முளைப்பதில்லை. போர் 2009 இல் முடிந்தது. பேரொலியாற் கேடுற்ற செவிகளில் அதன் ஒலி முடியவில்லை. பதுங்குகுழியில் இருந்த பிள்ளைகள் இன்று நடுவயதினர். காலிழந்தோரை ஊர் காண்கின்றது. செவியில் ஓயாத ஒலியோடு வகுப்பில் இருந்தோரையும் வயலில் நின்றோரையும் எவரும் கண்டிலர். அவருட் பலர் அதனை நோயென்று சொல்லவுமில்லை. உயிர் தப்பியோர் இரைச்சலை முறையிடுதல் தகாது எனக் கருதினர் போலும்.

அமைதிக்காலத்திலும் செவிக்குப் பகைவர் உளர். நீரிறைக்கும் இயந்திரத்தின் அருகே நாள்தோறும் நிற்கும் தோட்டக்காரரும், அரைக்கும் ஆலைத் தொழிலாளரும், தவில் முழங்குமிடத்தே வாழ்நாளைக் கழிக்கும் கலைஞரும், ஒலிபெருக்கியின் கீழ் நிற்கும் திருவிழாக் கூட்டத்தினரும் தம் செவியை அறியாமலே இழப்பர். 85 டெசிபெல் அளவுள்ள ஒலியை நாளொன்றுக்கு 8 மணிநேரத்துக்கு மேற் கேட்டல் தீங்கென வல்லுநர் வரையறுத்துள்ளனர். அருகிலிருப்பவரோடு உரத்துப் பேசினாலன்றிக் கேளாதாயின் அவ்விடம் செவிக்கு ஆகாத இடம் எனக் கொள்ளலாம். வந்தபின் தேடும் மருந்து இல்லையாதலின், வருமுன் காத்தலே இங்குத் தலையாய மருந்து.

வந்தவர்க்கு வரலாறு கற்பிக்கும் நெறிகளுஞ் சில உண்டு. முதலாவது, வைத்தியரிடம் காட்டுதல். குறும்பி அடைப்பு, நடுச்செவி நோய், உட்கொள்ளும் மருந்தின் தீங்கு என்பன தீர்க்கக்கூடிய காரணங்கள். ஒரு செவியில் மாத்திரம் கேட்கும் இரைச்சலையும், நாடித்துடிப்போடு ஒத்து ஒலிக்கும் இரைச்சலையும் காலந்தாழ்த்தாது ஆராய்தல் வேண்டும். கேட்டல் குறைந்தோர்க்குக் கேட்டற்கருவி இருவகையில் உதவும்; பிறர் பேச்சு தெளிவாகும், புறவொலி பெருக அகவொலி பின்தங்கும். இரண்டாவது, முழு மௌனத்தைத் தவிர்த்தல். இரவிலேயே இரைச்சல் பேருருக் கொள்ளும். இத்தார் சொன்ன ஈரவிறகுக்கும் நீராலைக்கும் ஒத்தவை யாழ்ப்பாணத்தார்க்கும் உண்டு. பனையோலையின் சலசலப்பும், கரையோர ஊர்களின் அலையோசையும், மின்விசிறியின் மெல்லோசையும், தாழ ஒலிக்கும் வானொலியும் அப்பணியைச் செய்யும். அகவொலியை முற்றாக மூழ்கடிக்கும் அளவுக்குப் புறவொலியைப் பெருக்குதல் வேண்டா; இரண்டும் கலந்து கேட்குமளவே மனம் பழகுதற்கு ஏற்றது. மூன்றாவது, தொழிலையும் உறவையும் கைவிடாமை. ஒலி நின்றபின் வாழ்வேன் என வாழ்க்கையை ஒத்திவைப்போரிடத்தே ஒலி வலிமை பெறுகின்றது. நான்காவது, வீட்டாரும் ஆசிரியரும் நோயாளரின் சொல்லை நம்புதல். வகுப்பிற் கவனமில்லை எனக் கடியப்படும் மாணாக்கர் ஒருவர் செவியில் யாது ஒலிக்கின்றது என்பதை அவரையன்றி எவர் அறிவர்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் 1978 இலும் சித்த மருத்துவப் பிரிவு 1984 இலும் தொடங்கின. பரராசசேகரத்தின் மரபும் கிறீன் வைத்தியரின் மரபும் ஒரே கழகத்தின் நிழலிற் கற்பிக்கப்படும் இடம் உலகிற் பிறிது அரிது. மரபுவழி வந்த தைலங்களையும் சூரணங்களையும் வெறுமருந்தோடு ஒப்பிட்டு ஆராய்தலும், போரைக் கடந்த தலைமுறையின் கேட்டல் நிலையை ஊர்தோறும் அளந்தறிதலும் இத்தகைய கழகத்தின் மாணாக்கர்க்கு ஏற்ற பணிகள். பயன் இல்லை எனத் தெரியினும் அதுவும் பயனே. வீண்செலவும் வீண்நம்பிக்கையும் நீங்கும்.

மருந்தைத் தேடுதலும் நோயோடு வாழப் பழகுதலும் ஒன்றுக்கொன்று மாறானவை என்று கருதுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. தேடியவர்கள் தோற்றுத்தோற்றே ஒலி மூளையில் நிலைபெறுவதை அறிந்தனர். அதனை அறிந்தமையாலேயே மனத்தைப் பழக்கும் முறை பிறந்தது. நாளை மெய்ம்மருந்து ஒன்று கிடைக்குமாயின், அதுவும் இத்தோல்விகளின்மேல் எழுந்ததாகவே இருக்கும். அதுவரை, ஆராயாத மருந்தின்மேல் ஆசை வையாமையும், ஆராய்வோர்மேல் நம்பிக்கை இழவாமையும் நோயாளர்க்கும் அவரைச் சூழ்ந்தோர்க்கும் உறுதி பயப்பனவாம்.